உறக்க மருந்தாகக் கஞ்சா: வரலாற்றுச் சான்றுகள் - ஒரு மறுநோக்கு

முன்னுரை

கஞ்சாவை உறக்க மருந்தாக வழங்கும் முறை வேதகாலந்தொட்டு இந்தியாவில் இருந்து வந்தது என்னும் கருத்து அண்மைக் காலத்தில் பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. இக்கூற்றில் மூன்று வினாக்கள் ஒன்றாகக் கலந்துள்ளன. அச்செடி அறியப்பட்டிருந்ததா? அது மருந்தாகப் பயன்பட்டதா? உறக்கத்தின் பொருட்டே பயன்பட்டதா? இம்மூன்றற்கும் உரிய சான்றுகள் வெவ்வேறு காலத்தன. அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடமொழி மரபு

அதர்வண வேதத்தின் பதினோராம் காண்டத்தில் சோமத்தைத் தலைமையாகக் கொண்ட செடிவகைகளுள் தருப்பை, யவம் ஆகியவற்றோடு 'பங்க' என்பதும் இடம்பெறுகின்றது. துன்பத்தினின்று விடுவிக்குமாறு வேண்டும் பகுதி அது. அங்குக் குறிக்கப்பெறுவது கஞ்சாச் செடிதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அச்செடியே எனக் கொள்ளினும், அதனை உட்கொண்டனர் என்பதற்கோ உறங்கினர் என்பதற்கோ அப்பாடல் சான்றாகாது.

மருத்துவ நூல்களின் கால வரையறையை 1989இல் ஆராய்ந்த மியூலன்பெல்டு, கஞ்சா மருந்துப் பொருளாகத் தெளிவாகத் தோன்றுவது கி.பி. 11ஆம் நூற்றாண்டை ஒட்டியே என்னும் முடிவுக்குத் துணைசெய்யும் சான்றுகளைத் தொகுத்தளித்தார். பின்வந்த சார்ங்கதர சங்கிதை, செரிக்கும் முன்னரே உடலெங்கும் பரவும் பொருள்களுக்கு எடுத்துக்காட்டாகப் பங்கியையும் அபினையும் சுட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டினதாகிய பாவப்பிரகாசம் இதன் குணங்களை வகுக்குமிடத்து, கபத்தைப் போக்கும், செரிமானத்தைத் தூண்டும், பித்தத்தை மிகுவிக்கும், மயக்கத்தையும் மதத்தையும் பேச்சையும் வயிற்றுத் தீயையும் வளர்க்கும் என்கிறது. இப்பட்டியலில் உறக்கம் இடம்பெறாமை கூர்ந்து நோக்கத்தக்கது.

கோவாவில் ஒரு பதிவு

உறக்கத்தை வெளிப்படையாகச் சுட்டும் பதிவொன்று அதே நூற்றாண்டில் வேறொரு மொழியில் கிடைக்கின்றது. போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட உரையாடல் நூலில் பங்கி பற்றித் தனிப்பகுதி உண்டு. முற்காலப் படைத்தலைவர் பலர் நெடிய கண்விழிப்பால் வருந்தி, கவலை நீங்கி உறங்கும் பொருட்டு இதனை மதுவுடனோ அபினுடனோ அருந்தினர் எனத் தாம் கேள்வியுற்றதாக அவர் எழுதுகிறார். முல்லைப்பாட்டுள் பாசறையில் துயில் கொள்ளாத வேந்தனைக் கற்றோர்க்கு இத்துன்பம் புதிதன்று. அவ்வேந்தனுக்கு மருந்து எதுவும் தரப்படவில்லை என்பதே வேறுபாடு.

ஓர்த்தாவின் கூற்றை மதிப்பிடுங்கால் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, அது கேள்விச் செய்தி. மற்றொன்று, மதுவும் அபினும் உடன் சேர்ந்தமையால் விளைந்த உறக்கம் பங்கி ஒன்றன் பயன் எனக் கொள்ளவியலாது.

கல்கத்தாவும் இலண்டனும்

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷானசி 1839இல் வெளியிட்ட ஆய்வு கீல்வாதம், இசிவு, வாந்திபேதி முதலிய நோய்களைப் பற்றியது. உறக்கமின்மை அதன் பொருளன்று. எனினும் அவர் பதிந்த நோயாளி ஒருவரின் நிலை நமக்குப் பயன்படுகின்றது. பிற்பகல் 2 மணிக்கு ஒரு கிரெயின் கஞ்சாப் பிசின் பெற்ற கீல்வாத நோயாளி, 4 மணிக்கு மிகுதியாகப் பேசிப் பாடி, கூடுதல் உணவு கேட்டார். 6 மணிக்கு உறங்கினார். 8 மணிக்கு உணர்விழந்து கிடந்தார். பேச்சும் பசியும் முன்னர், உறக்கம் பின்னர் என்னும் இவ்வரிசை பாவப்பிரகாசத்தின் பட்டியலுக்கு விளக்கம் போல அமைகின்றது. உறக்கத்தை அந்நூலோர் அறியாதிருந்தனர் என்பதைவிட, அதனை மயக்கத்தின் முடிவாகக் கருதினரேயன்றித் தனிக்குணமாக எண்ணவில்லை எனக் கொள்வது பொருந்தும்.

உறக்கமின்மைக்கே உரிய மருந்தாக இதனைத் தம் நெடிய பட்டறிவின் அடிப்படையில் வலியுறுத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் இலண்டன் மருத்துவர் ரசல் ரெனால்ட்சு. இரவில் எழுந்து அலையும் முதியோர்க்குப் படுக்கும் நேரத்தில் கால் முதல் மூன்றிலொரு கிரெயின் வரை சாற்றை அளித்ததாகவும், அளவைக் கூட்டாமலே நெடுங்காலம் பயன் கிட்டியதாகவும் 1890இல் 'லான்செட்' இதழில் அவர் எழுதினார். சரக்கின் வீரியம் ஒருபடித்தாய் இராமையையும் அவரே எச்சரித்தார். 1869இல் குளோரல் ஐதரேட்டும் 1903இல் பார்பிட்டாலும் உறக்க மருந்துகளாக வந்தபின், அளவு உறுதியற்ற கஞ்சா மருத்துவரிடையே செல்வாக்கிழந்தது. 1942இல் அமெரிக்க மருந்தியல் தொகுதியினின்றும் அது நீக்கப்பட்டது.

ஆணையத்தின் வினாக்கள்

1893-94இல் மாக்வொர்த் யங் தலைமையில் இயங்கிய இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சியங்களைத் திரட்டியது. அளவான பயன்பாட்டின் நன்மை குறித்த அதன் வினாவில் செரிமானம், களைப்பு நீக்கம், காய்ச்சல் தடுப்பு ஆகியன பெயர் சுட்டப்பெற்றன. உறக்கமோ 'பிற வழிகளில்' என்னும் பொதுத்தலைப்பில் அடங்க வேண்டியதாயிற்று. கேட்கப்படாத வினாவுக்கு விடை குறைவாகவே கிடைக்கும். ஆணையத்திற்காகக் கிரியர்சன் தொகுத்தளித்த இலக்கியக் குறிப்பும் சமற்கிருத, இந்தி நூல்களையே எல்லையாகக் கொண்டது.

தமிழ் மருத்துவ நூல்கள்

கிரியர்சனின் எல்லைக்கு வெளியே நின்ற தமிழ் மரபில் இச்செடிக்குக் கோரக்கர் மூலி, சிவமூலி முதலிய பெயர்கள் வழங்குகின்றன. மதனகாமேசுவர இலேகியம் போன்ற கூட்டு மருந்துகளிலும் இது சேர்க்கப்பெற்றது. ஆயின் சித்தர் பெயரால் வழங்கும் நூல்கள் பலவற்றின் காலம் உறுதிப்படவில்லை. காலம் தெரியாத பாடலைத் தொன்மைக்குச் சான்றாக்குதல் ஆய்வு நெறியாகாது. காலம் தெளிவாகத் தெரிந்த தொகுப்புகளிலிருந்து தொடங்குதலே முறை. இரண்டாம் சரபோஜி (1798-1832) காலத்துச் சரபேந்திர வைத்திய நூல்களும், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ஆகியவற்றின் மருத்துவச் சுவடிகளும் இந்நோக்கில் பயிலத்தக்கன. மருந்து சேர்க்கப்பட்டது என்பதோடு அமையாது, எந்நோய்க்கு, எவ்வளவு, எத்துணைப் பொருளோடு என்பனவும் பட்டியலிடப்பட வேண்டும்.

முடிவுரை

செடியின் அறிமுகம் தொன்மையானதாகலாம். அதன் மருத்துவப் பயன்பாடு இடைக்காலத்தது. உறக்கத்திற்கென அதனைத் தனித்து அளவிட்டு வழங்கியதற்கு மேற்கண்ட சான்றுகளுள் தெளிவானது 19ஆம் நூற்றாண்டினது. இவ்வேறுபாடு புலமை விளையாட்டன்று. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதியைக் கஞ்சா என வரையறுத்துக் கட்டுப்படுத்துகிறது. தனித்த இலை அவ்வரையறைக்குப் புறம்பானது. இவ்விடைவெளியில் விற்பனைக்கு வரும் பொருள்களுக்கு 'ஆயிரமாயிரம் ஆண்டு மரபு' என்பதே நற்சான்றாகக் காட்டப்படுகிறது. தொடர்ந்து கஞ்சா பயன்படுத்தியோர் அதனை நிறுத்துங்கால் உறக்கமின்மையும் கொடுங்கனவும் தோன்றலாம் என்பது இன்றைய மருத்துவம் ஏற்ற உண்மை. உறக்கம் வேண்டி வருபவர்க்கு அவ்வுண்மையே முதலில் சொல்லப்பட வேண்டும். நூல்கள் சொல்லாத ஒன்றை அவற்றின்மேல் ஏற்றிச் சொல்லாமல் காப்பது நூல் பயில்வோர் கடனாகும்.