பொருளும் பொட்டிப்புரமும்

தமிழிற் பொருள் என்னும் ஒருசொல் பலவற்றைக் குறிக்கும். கண்ணாற் காணப்படும் பண்டமும் பொருள். ஈட்டப்படும் செல்வமும் பொருள். சொல்லான் உணரப்படும் கருத்தும் பொருள். பதி பசு பாசம் எனச் சித்தாந்திகள் வகுத்த மூன்றும் பொருளே. இவற்றுட் சொற்பொருள் நிறைவுறுவது சொல்வோனிடத்தோ, கேட்போனிடத்தோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இறையனார் களவியலுரை கூறும் வரலாறு இதற்கு ஒரு விடை தருகின்றது. 12 ஆண்டு வற்கடம் நீங்கியபின், எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைத்தும் பொருளதிகாரம் வல்லாரைக் காணாது பாண்டியன் கவன்றான். ஆலவாயிறைவன் 60 சூத்திரம் அருளிச்செய்த பின்னரும் மெய்யுரை யாதென்பது துணியப்படவில்லை. உருத்திரசன்மன் என்னும் ஐயாண்டு மூங்கைப்பிள்ளை, நக்கீரர் உரையைக் கேட்டுப் பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்ப்ப இருந்தபோதே அது மெய்யுரையெனத் தெளியப்பட்டது. கேட்போன் உள்ளத்துச் சென்று சேர்தலே பொருளின் நிறைவு என்பது இதனாற் பெறப்படும்.

அப்பாண்டி நாட்டிலேயே, தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில், இவ்வினா இந்நூற்றாண்டில் மீட்டும் எழுந்தது. ஆங்குள்ள மலையை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவி நிறுவி, நியூட்ரினோ என்னும் நுண்டுகளை ஆராய அறிவியலார் கருதினர். 2015ஆம் ஆண்டில் நடுவணரசு இசைவளித்தது. நியூட்ரினோ என்பது இத்தாலியச் சொல். சிறிய நடுநிலைத் துகள் என்பது அதன் கருத்து. மின்னேற்றமின்றி மலையையும் மாந்தருடலையும் ஊடுருவிச் செல்லும் இயல்பினது அது.

அறிவியலார்க்கு அச்சொல் உலகப்பொருளின் இயல்பை உணர்த்திற்று. கேட்டோருட் சிலர்க்கோ அணுக்கழிவையும் கதிர்வீச்சையும் உணர்த்திற்று. இது சொல்லறியாமையின் வந்த மயக்கம், விளக்கத்தால் நீங்கும். உழவர்க்கும் ஆடுமாடு மேய்ப்பார்க்கும் அஃது உணர்த்தியதோ வெடிவைத்துப் பிளக்கப்படும் மலையும், நீரும், மேய்ச்சல் நிலமுமாம். இது மயக்கமன்று, செயலின் பயன்பற்றி எழுந்த பொருள். துகளின் இயல்பை எத்துணை விளக்கினும் இதற்கு விடையாகாது.

வழக்கு மன்றத்தும் சொற்பொருளே வினாவாயிற்று. மதிகெட்டான்சோலைத் தேசியப் பூங்காவின் அண்மை கருதித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்திவைத்தது. 2018இல் இம்மலைக்குடைவு கட்டடப்பணி என்னும் வகுப்பில் அடக்கப்பட்டு மீட்டும் இசைவு பெற்றது. காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டுமெனத் தீர்ப்பாயம் பின்னர் விதித்தது. 2022இல் தமிழ்நாட்டரசு உச்சநீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது.

எழுத்தும் சொல்லும் இருதிறத்தாரிடத்தும் குறைவற இருந்தன. பாண்டியன் கவன்றது அவற்றின் பொருட்டன்று.