கழகம் யாருடையது?

திருப்பாலைவனத்தை அடுத்துப் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. அதன் கரையிலுள்ள மீனவர் ஊர்களில் ‘பாடு’ என்னும் பழைய முறை ஒன்று உண்டு. ஏரியில் வலை விரிப்பதற்கு ஏற்ற இடங்கள் சிலவே. ஆகவே ஊரார் கூடி, இன்று இவர், நாளை அவர் என முறை வகுத்து அவ்விடங்களைப் பகிர்ந்துகொள்வர். ஒருவருடைய பங்கு அவருடைய பணத்தினால் வருவதன்று. ஊரில் ஒருவராய் இருப்பதனால் வருவது.

கால்பந்துக் கழகத்தைப் பற்றிப் பேச வந்தவர் மீன்பாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று மாணவ நண்பர்கள் வியக்கலாம். காரணம் உண்டு. கழகம் என்பது யாருடையது என்ற கேள்வியே அதன் வரலாறு முழுவதையும் நடத்திச் செல்கிறது.

1857 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் ஒரு கால்பந்துக் கழகம் தோன்றியது. இன்றுள்ள கழகங்களில் அதுவே மூத்தது எனப் போற்றப்படுகிறது. ஆடுவோரே உறுப்பினர், உறுப்பினரே உடைமையாளர். பின்னர்த் தொழிலாளர்களும் கழகம் கண்டனர். 1878 இல் நியூட்டன் ஹீத் இரயில்வேத் தொழிலாளர் அமைத்த அணியே பிற்காலத்து மான்செஸ்டர் யுனைடெட். 1895 இல் தேம்ஸ் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தொழிலாளர் அமைத்த அணியே பிற்காலத்து வெஸ்ட் ஹாம்.

சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை பெற்ற தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஆட்டம் காண வந்தனர். நுழைவுக் கட்டணம் குவிந்தது. வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கும் ஏழை ஆட்டக்காரன் ஊதியம் கேட்டான். 1885 இல் ஊதியம் பெற்று ஆடுதல் அங்கே முறைப்படி ஏற்கப்பட்டது. 1888 இல் பன்னிரண்டு கழகங்கள் சேர்ந்த லீக் போட்டி பிறந்தது. தொழில்முறைக் கால்பந்தாட்டம் இவ்வாறு உருவாயிற்று.

நம் நாட்டிலோ கழகத்திற்கு வேறொரு பெருமையும் சேர்ந்தது. 1889 இல் கல்கத்தாவில் தோன்றிய மோகன் பகான், 1911 சூலை 29 ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர்ப் படையணியை 2–1 என வென்றது. பதினொருவருள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலோடு ஆடினர். அடிமை நாட்டு மக்கள் அவ்வெற்றியைத் தம் வெற்றியாகவே கொண்டாடினர்.

தமிழகத்திற்கு வருவோம். 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பிறந்தது ‘சென்னையின் எஃப்.சி.’ அபிஷேக் பச்சன், விதா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் அதன் உரிமையாளராயினர். இது ஊரார் கூடி வளர்த்த கழகமன்று. முதலீட்டினால் உருவான கழகம். ஆயினும் ஊர் அதனைத் தனதாக்கிக்கொண்ட வரலாறு சுவையானது.

2015 டிசம்பரில் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் நடத்த இயலவில்லை. அது புனே நகருக்கு மாற்றப்பட்டது. அப்பருவத்தின் நடுவில் அட்டவணையின் அடியில் கிடந்த அணி, அங்கே கொல்கத்தாவை 3–0 என வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், முடியும் தறுவாயில் 1–2 எனப் பின்தங்கியிருந்தது. எனினும் கடைசி நிமிடங்களில் இரு கோல் விழ, 3–2 என வாகை சூடியது. வெள்ளத்தில் துவண்ட மக்களுக்கு அஃது ஓர் ஆறுதல். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் மைதானத்திலேயே 3–2 என வென்று இரண்டாம் பட்டமும் பெற்றது. அவ்வணியில் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் இருந்தார். 2019 இல் ஏ.எஃப்.சி. கோப்பைப் போட்டியில் ஆசியக் கழகங்களோடும் பொருதது.

பட்டமும், ஆசிய அரங்கும், உள்ளூர் இளைஞர்க்கு இடமும்: இவையே இக்கழகத்தின் குறிக்கோள்கள் எனலாம். ஆனால் இவை நிலைபெறுமா? 2018–19 இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி, சில ஆண்டுகளில் அத்தொடரிலேயே இடமிழந்தது. 2025 இல் சூப்பர் லீக்கை நடத்துவதற்கான ஒப்பந்தம் முடிவுறும் நிலையில், புதிய ஏற்பாடு எட்டப்படாமையால் போட்டிகள் உரிய காலத்தில் தொடங்கவில்லை. சென்னைக் கழகம் தன் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. மேலிடத்து ஒப்பந்தம் ஒன்று தடைப்பட, கீழே ஆட்டக்காரரின் பிழைப்பு தடுமாறியது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2020 இல் மோகன் பகான் ஏ.டி.கே. கழகத்தோடு இணைந்தபோது, அக்கழகத்தின் பெயர் மோகன் பகான் பெயரின் முன்னே சேர்க்கப்பட்டது. ஆதரவாளர் அதனை ஏற்கவில்லை. இடைவிடாது எதிர்ப்புத் தெரிவித்தனர். 2023 இல் அச்சொல் நீக்கப்பட்டது. பங்குப் பத்திரம் கையில் இல்லாதோரும் கழகத்தில் பங்குடையர் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

பணமின்றித் தொழில்முறைக் கழகம் நடவாது. இதனை மறுப்பார் இலர். படகு வாங்கப் பணம் வேண்டும். ஆயினும் ஏரி படகுக்காரன் ஒருவனுடையதாகிவிடாது. சென்னையிலும் ‘சூப்பர் மச்சான்ஸ்’, ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’ என்னும் ஆதரவாளர் குழுக்கள் தோன்றியுள்ளன. வியாசர்பாடித் தெருவிலும் பழவேற்காட்டு மணலிலும் பந்துதைக்கும் சிறுவனுக்கு ஒரு முறை வந்து சேருமாறு கழகம் அமையுமானால், உரிமையாளர் மாறினும் அது மாளாது. ‘பாடு’ நமக்குக் கற்பிக்கும் பாடமும் அதுவே.