கம்பம் பள்ளத்தாக்கில் மழலையர் கல்வி

கம்பம் பள்ளத்தாக்கு என்பது தேனி மாவட்டத்தில் மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியாகும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் இங்கு நெல் விவசாயம் பெருகியது. பிற்காலத்தில் திராட்சைத் தோட்டங்களும் வந்தன. நடவு, களையெடுப்பு, அறுவடை, பழம் பறிப்பு ஆகிய வேலைகளில் பெரும்பகுதி பெண்களுடையது. தாய் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? இப்பகுதியில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் கல்வி வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது.

திண்ணையும் வீடும்

மதுரைச் சீமையின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் முன்பு எழுத்தறிவித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். ஆண் பிள்ளைகளை ஐந்து வயதளவில் சேர்த்தனர். பெண் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அங்கு இடமில்லை. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கிடைத்தன. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மலபார்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்தெடுத்து, அதைப் பற்றி 1797இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே குறிப்பிட்டனர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

ஐந்து வயதுக்கு முந்தைய கல்வி வீட்டில் நடந்தது, அதற்குக் கல்வி என்ற பெயர் இல்லாவிட்டாலும். பாட்டியின் கதை, தாலாட்டு, விடுகதை ஆகியவற்றால் சொல்வளம் வந்தது. புளியங்கொட்டையைக் கையில் மூடி ஒற்றையா இரட்டையா என்று கேட்டதிலும், பல்லாங்குழியில் குழிக்கு இத்தனை என்று போட்டதிலும் எண்ணிக்கை வந்தது. தட்டாங்கல் ஆடிய விரல்களுக்குப் பென்சில் பிடிப்பது எளிது. இப்பகுதியில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் பல உண்டு. அந்தப் பிள்ளைகள் தெருவில் விளையாடித்தான் தமிழைப் பிடித்துக்கொண்டனர்.

கொடைக்கானலில் மாண்டிசோரி

மழலையர் கல்வியில் உலகப் புகழ்பெற்ற மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால், இத்தாலி நாட்டவரான அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை அவர் வாழ்ந்தது கொடைக்கானலில். பெரியகுளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலை அது. மலைச்சாலை வருவதற்கு முன் கொடைக்கானலுக்கு ஏறும் பாதையும் பெரியகுளம் பக்கத்திலிருந்துதான் சென்றது. அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒரு சிறு பள்ளி நடந்தது. செடி, கொடி, பூச்சி என மலையில் கிடைத்தவையே பாடப்பொருள்களாயின. அவருடைய இந்தியச் சொற்பொழிவுகளிலிருந்து உருவான நூல் 1949இல் அடையாற்றில் வெளியானது. ஆனால் மலையடிவாரத்துக் கூலிக்காரர் பிள்ளைகளுக்கு அதனால் உடனடிப் பயன் எதுவும் இல்லை.

பால்வாடி

குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் 'பால மந்திர்' என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோதக், 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில், விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல்லையும் விதையையும் வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பால்வாடி, அங்கன்வாடி என்ற சொற்கள் அவ்வழி வந்தவை. 'பால்' என்பது குழந்தை, 'அங்கன்' என்பது முற்றம். நம் ஊர்க்காரர்களோ பால்வாடியைப் பால் கொடுக்கும் இடம் என்றே புரிந்துகொண்டனர். பொருள் தவறுதான். ஆனால் பசியாற்றும் இடமாகவே அது மக்கள் மனத்தில் பதிந்தது.

காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இதனால் தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வரும் அக்காள்கள் இருந்தனர். வர முடியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் வருகைப் பதிவேட்டில் 'நின்றவர்' ஆனார்கள். சிறு பிள்ளைக்கு ஓர் இடம் இல்லாததால் பெரிய பிள்ளையின் படிப்பும் போனது.

1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. தேனிப் பகுதி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் இது முதலில் முன்னோட்டமாக நடத்தப்பட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, வளராத பிள்ளைக்குத் தனியாக உணவு கொடுத்தனர்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 முதல் 5 வயது வரையிலான கிராமப்புறக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. (1984 தேர்தலில் அவர் வென்ற ஆண்டிபட்டி இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது.) விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இத்திட்டப் பணிகளில் முன்னுரிமை கிடைத்தது. ஊருக்குள் ஒரு கட்டடம், ஓர் ஆயா, ஒரு 'டீச்சர்' என்ற ஏற்பாடு நிலைத்தது. இதில் பாடம் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் வகுப்பு எடுத்த என்னைப் போன்றோருக்கு, பால்வாடியிலிருந்து வந்த பிள்ளை தனியாகத் தெரியும். வரிசையில் நிற்கும், பெயர் சொல்லும், கூட்டத்தைக் கண்டு அழாது.

விடியற்கால ஜீப்

கம்பம், கூடலூர், போடி ஊர்களிலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் விடியற்காலையிலேயே ஜீப்பில் ஏறிவிடுகின்றனர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. பின்னர் ஏலத்தோட்டங்களும் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆனால் சிறு தோட்டங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நாள்தோறும் மலையேறி இறங்கும் தாய்க்கு மலையில் உள்ள காப்பகமும் உதவாது, பிள்ளை கீழே ஊரில் இருக்கிறது. அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கு முன்பே ஜீப் போய்விடும். இடையில் உள்ள மணிகளைப் பாட்டியோ அக்காளோ பார்த்துக்கொள்கிறார்கள்.

எல்.கே.ஜி. வந்த பிறகு

தனியார் மழலையர் பள்ளிகள் பெருகியதும் அங்கன்வாடியில் பிள்ளைகள் குறைந்தனர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் எல்.கே.ஜி.யே நுழைவு வகுப்பானது. கூலி வேலை செய்யும் பெற்றோரும் மூன்று வயதிலேயே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அங்கு அனுப்பப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டனர். வகுப்புகள் நின்றுவிடும் என்ற நிலையில் எதிர்ப்பு எழுந்தது. அவை தொடரும் என்று அரசு அறிவித்துத் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தது.

பெயர் எதுவானாலும், அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் பாட்டு, கதை, விளையாட்டு வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது. பெற்றோர் பலர் கேட்பதோ நோட்டு நிறைய எழுத்து. மூன்று வயது விரலுக்கு அந்த வலு இல்லை. வீட்டில் தட்டில் அரிசியைப் பரப்பி எழுத விடலாம். சந்தையிலிருந்து வந்த காய்களை வகை பிரிக்கச் சொல்லலாம். எழுதத் தெரியாத பாட்டியும் கதை சொல்லலாம், அந்தக் கதையை மறுநாள் வகுப்பில் சொல்லும்படி ஆசிரியர் பிள்ளையைக் கேட்கலாம். ஜீப் போன பிறகு, மையம் திறக்கும்வரை பிள்ளை அந்தப் பாட்டியிடம்தான் இருக்கிறது.