பெலே மலை: சாம்பலின்மேல் ஒரு காடு

பிரெஞ்சு மொழியில் 'பெலே' என்றால் வழுக்கை. மர்த்தினீக் தீவின் வடகோடியில் 1,397 மீட்டர் உயர்ந்து நிற்கும் இந்த எரிமலைக்கு அப்பெயர் இன்று சற்றும் பொருந்தாது. மோர்ன் ரூஜ் ஊருக்கு மேலே தொடங்கும் எலெரோன் பாதையில் நாம் ஏறியபோது, கால்வைத்த இடமெல்லாம் பாசியும் பெரணியுமாக இருந்தது. உச்சியை மேகம் மூடிக்கிடந்தது. சில கணங்களே அது விலகியது. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே கரீபியக் கடல்; அதன் கரையில் சேன் பியேர்.

1902 மே 8 காலை எட்டு மணியளவில் அந்நகரம் இரண்டொரு நிமிடங்களில் அழிந்தது. மாண்டவர் ஏறத்தாழ 28,000 பேர். முன்னறிகுறிகள் இல்லாமல் இல்லை. ஏப்ரல் முதலே சாம்பல் பொழிந்தது. மே 5 அன்று கொதிசேறு இறங்கி ஒரு சர்க்கரை ஆலையையே புதைத்தது. மே 11 தேர்தலுக்காகவே ஆளுநர் மக்களை வெளியேறவிடாது தடுத்தார் என்ற கதை பல நூல்களில் உண்டு. நமக்கு அது முழுவதும் ஒப்பவில்லை. மனைவியுடன் அந்நகருக்கே சென்று தங்கி, அங்கேயே மாண்டவர் அவர். பள்ளத்தாக்குகள் நகரைக் காக்கும் என்று அவர் அமைத்த குழு முதல்நாள்தான் கூறியிருந்தது. அனைவரும் அஞ்சியது ஓடிவரும் தீக்குழம்பை; வந்ததோ பள்ளத்தாக்குகளைப் பொருட்படுத்தாத அனல்மேகம். அதற்குப் பெயரிட்டு விளக்கியவர் பின்னர் ஆராய்ந்த லக்ருவா.

சிறையறையில் பிழைத்த சிப்பாரிஸ் ஒருவரே எஞ்சினார் என்பதும் சர்க்கஸ் விளம்பரம் பரப்பிய மிகை. நகரின் ஓரத்தில் ஒரு செருப்புத் தொழிலாளியும் பிழைத்தார். நாம் ஏறத் தொடங்கிய மோர்ன் ரூஜோ மே மாதம் தப்பி, ஆகஸ்டு 30 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. இம்மலையும் காடுகளும் 2023-இல் உலக மரபுச் சின்னமாயின.

மறுநாள் மலையின் வடகிழக்கே பாஸ் புவேன்த் சென்றோம். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறத்தாழ 25,000 இந்தியரில் பலர் வடபகுதிக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள். அங்குள்ள கோயிலில் மாரியம்மன் 'மலியேமேன்', மதுரைவீரன் 'மால்தெவிலேன்'. பூசாரிக்குத் தமிழ் தெரியாது. பாட்டு மட்டும் தெரியும். இருமுறை பாடச்சொல்லிக் கேட்டும் நமக்குப் பிடிபட்டவை நான்கு சொற்களே. ஐந்தாவது 'சாம்பலோ' 'சாம்பிராணியோ' என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.