சுவரோரத்து மேஜை

வெள்ளித்திரையின் மறுபக்கம் – 9

விருது விழாவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வழக்கமாக மூன்று விஷயங்கள் போதும். யார் ஜெயித்தார், என்ன பேசினார், என்ன உடுத்தி வந்தார். 1940 பிப்ரவரி 29-ம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த 12-வது ஆஸ்கர் விழாவுக்கு அது போதாது. யார் எங்கே உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த இரவு விளங்கும்.

அப்போது ஆஸ்கர் என்பது இன்று நாம் டி.வி-யில் பார்க்கும் அரங்கக் காட்சி அல்ல. ராத்திரிச் சாப்பாட்டோடு நடக்கும் விருந்து. இடம், அம்பாசடர் ஹோட்டலின் 'கோக்கனட் குரோவ்' கூடம். செயற்கைப் பனைமரங்கள், மேஜைகள், பூங்கொத்துகள், நடுவே நடுவே பாப் ஹோப்பின் நகைச்சுவை. ஹோப் ஆஸ்கர் மேடையில் தொகுப்பாளராக ஏறிய முதல் ஆண்டு அதுதான். யார் யாருக்கு விருது என்ற மர்மம் அன்று ஆரம்பத்திலேயே உடைந்துபோனது. பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே பட்டியலைக் கொடுத்து, இரவு 11 மணிவரை வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொள்வது அன்றைய வழக்கம். 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' அதை மதிக்காமல் மாலைப் பதிப்பிலேயே அச்சடித்துவிட்டது. முத்திரையிட்ட உறை அடுத்த ஆண்டு வந்ததற்குக் காரணம் இந்தக் கூத்துதான். ஆக, 'கான் வித் தி விண்ட்' அள்ளப்போகிறது என்பது விருந்தினர் பலருக்கும் தெரியும். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் நன்மைக்காகவே நடத்தும் நிகழ்ச்சிபோல இருக்கிறதே என்று ஹோப் கிண்டலடித்தார்.

படத்தில் கதாநாயகி ஸ்கார்லெட்டின் வீட்டு வேலைக்காரி மாமியாக நடித்தவர் ஹாட்டி மெக்டேனியல். அப்பாவும் அம்மாவும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பா உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சண்டை போட்டவர். கான்சாஸில் பிறந்து டென்வரில் வளர்ந்த ஹாட்டி, ஊர் ஊராகப் பாடினார், வேடிக்கை நாடகங்கள் போட்டார். பொருளாதார மந்தம் வந்து வாய்ப்புகள் அடைபட்டபோது, மில்வாக்கியில் ஒரு இரவு விடுதியின் கழிவறையில் உதவியாளராக வேலை பார்த்தார். அங்கேயே ஒருநாள் பாட வாய்ப்புக் கிடைத்து மேடைக்குத் திரும்பினார். ஹாலிவுட் வந்த பிறகும், படங்களுக்கு இடையே நிஜமாகவே வீட்டு வேலை செய்த காலம் உண்டு. திரையில் வேலைக்காரி, வெளியிலும் வேலைக்காரி.

விழாவுக்கு இரண்டரை மாதம் முன்பு, டிசம்பர் 15-ல், அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி. ஊரே திருவிழாக் கோலம். கறுப்பினக் கலைஞர்களுக்கு மட்டும் அழைப்பில்லை. ஜார்ஜியாவின் நிறப்பாகுபாட்டுச் சட்டம் அப்படி. ஹாட்டி வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று படத்தின் கதாநாயகன் கிளார்க் கேபிள் முறுக்கிக்கொள்ள, ஹாட்டியே சமாதானப்படுத்தி அனுப்பிவைத்தார் என்பார்கள். முதல் காட்சி நிகழ்ச்சிநிரலின் பின்னட்டையில் இருந்த அவர் படத்தையும் எடுத்துவிட்டார்கள். (முந்தைய நாள் நடந்த கொண்டாட்டத்தில் தேவாலயப் பாடகர் குழுவோடு நின்று பாடிய சிறுவர்களில் ஒருவனுக்குப் பத்து வயது. பெயர், மார்ட்டின் லூதர் கிங்.)

ஜார்ஜியாவாவது தெற்கு, கலிபோர்னியா அப்படியல்லவே என்று கேட்கலாம். அம்பாசடர் ஹோட்டலும் கறுப்பின விருந்தினர்களை உள்ளே விடாது. செல்ஸ்னிக் தன் செல்வாக்கைப் பயன்படுத்திக் கேட்டுக்கொண்டதால்தான் அந்த ஓர் இரவுக்குக் கதவு திறந்தது. விவியன் லீ, ஒலிவியா டி ஹாவிலண்ட் எல்லாரும் செல்ஸ்னிக்கின் பெரிய மேஜையில். அதே படத்தில் நடித்த, அதே இரவில் ஜெயிக்கப்போகிற ஹாட்டிக்கு ஒதுக்கப்பட்டது தூரத்துச் சுவரை ஒட்டிய சிறு மேஜை. ஹாட்டி, கூட வந்த துணைவர், ஹாட்டியின் வெள்ளைக்கார ஏஜென்ட், அவ்வளவுதான்.

அவர் உடுத்தி வந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கற்கள் பதித்த நீலப்பச்சை நிற மாலைநேர கவுன். மேலே எர்மின் ரோமச் சட்டை. கூந்தலில் கொத்தாக வெள்ளை கார்டீனியா மலர்கள். கூடியிருந்தவர்கள் படத்தில் பார்த்த மாமிக்குத் தலையில் துணிக்கட்டு, இடுப்பில் ஏப்ரன். பல ஆண்டுகளாக ஹாலிவுட் அவருக்குக் கொடுத்துவந்த உடையும் ஏறக்குறைய அதுவே. அன்றிரவு உடை அவருடைய சொந்தத் தேர்வு. எந்த மேஜை என்பது அவர் கையில் இல்லை, என்ன பூ என்பது அவர் கையில் இருந்தது. அந்த அலங்காரத்தை வெறும் ஆடம்பரம் என்று என்னால் பார்க்க முடியவில்லை.

துணை நடிகைக்கான விருதை வழங்க வந்தவர், முந்தைய ஆண்டு அதே விருதை வாங்கிய ஃபே பெயின்டர். மதம், இனம், நிறம் பாராமல் சாதனையைப் பாராட்டும் சுதந்திரமுள்ள நாட்டுக்கு இது ஒரு பெருமை என்ற பொருளில் அவர் முன்னுரை சொன்னார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அந்த வாக்கியம் ஒலித்த கூடத்தில் சுவரோர மேஜை அப்படியேதான் இருந்தது.

ஹாட்டி எழுந்து, அத்தனை மேஜைகளையும் கடந்து மேடைக்கு வந்தார். பேச்சு ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். தேர்ந்தெடுத்தவர்களின் அன்புக்கு நன்றி, என் வாழ்வின் மிக மகிழ்ச்சியான தருணங்களில் ஒன்று, என் இனத்துக்கும் திரைத்துறைக்கும் என்றும் பெருமை சேர்ப்பவளாக இருப்பேன் என நம்புகிறேன். இவ்வளவுதான் சாரம். மனம் நிறைந்துவிட்டது, உணர்வதைச் சொல்ல முடியவில்லை என்று முடிக்கும்போது குரல் உடைந்தது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்.

கூட்டம் கைதட்டித் தீர்த்தது. புகழ்பெற்ற சினிமா பத்தி எழுத்தாளர் லுயெல்லா பார்சன்ஸ், மேடையேறிய அந்த முகத்தைப் பார்த்த எங்களுக்கெல்லாம் தொண்டை அடைத்தது என்கிற மாதிரி எழுதினார். கார்டீனியாவையும் கவுனையும் மறக்காமல் குறிப்பிட்டு, அகாடமி மேடையின் மிகச் சிறந்த பேச்சுகளில் ஒன்று என்றார். பேச்சு வந்தது, உடை வந்தது, மேஜை மட்டும் அந்த வரிகளில் இல்லை. அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டுத் தோற்ற ஒலிவியா டி ஹாவிலண்ட் அன்று அழுதுவிட்டார். ஹாட்டி ஜெயித்ததே நியாயம் என்று மனம் தேற சில வாரங்கள் ஆயின என்று பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொன்னார்.

எல்லாரும் கைதட்டவில்லை. கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி-யின் நிர்வாகச் செயலாளர் வால்டர் வைட்டுக்கு மாமி என்ற பாத்திரமே உறுத்தல். எஜமானி வீட்டையே தன் உலகமாக நினைக்கும் அடிமையை ரசிக்கச் சொல்லும் படம். அதற்கு ஒரு விருது வேறா? வைட்டின் கோபத்தில் நியாயம் இருந்தது. வேலைக்காரியாக வாரம் 7 டாலர் வாங்குவதைவிட, வேலைக்காரியாக நடித்து 700 டாலர் வாங்குவேன் என்று ஹாட்டி பதில் சொன்னதாக இன்றுவரை திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். சாமர்த்தியமான பதில். ஆனால் விருதுக்குப் பிறகும் ஸ்டுடியோக்கள் அவரிடம் நீட்டியது அதே ஏப்ரன்தான்.

'என் இனத்துக்குப் பெருமை' என்ற வார்த்தையை அடிபணிதல் என்று வாசித்தவர்கள் உண்டு, இன்றும் உண்டு. அவர்களுக்கு என் பதில் 1945-ல் ஒரு நீதிமன்றத்தில் கிடக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட் அடம்ஸ் ஹைட்ஸ் பகுதியில் ஹாட்டி பெரிய வீடு ஒன்றை வாங்கியிருந்தார். வசதி வந்த கறுப்பினக் குடும்பங்கள் சேர்ந்து குடியேறியதால் அந்தப் பகுதிக்கு 'ஷுகர் ஹில்' என்று பெயரே வந்துவிட்டது. இந்த மனைகளை வெள்ளையரல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை இருக்கிறது, காலி செய்யுங்கள் என்று அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். ஹாட்டி அண்டைவீட்டாரைத் திரட்டினார். தன் வீட்டிலேயே சனிக்கிழமைதோறும் கூட்டம் போட்டார். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். கறுப்பினக் குடிமக்களுக்கு அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் தரும் உரிமையை நீதிமன்றங்கள் நெடுங்காலம் தட்டிக்கழித்துவிட்டன என்று நீதிபதி தர்மண்ட் கிளார்க் டிசம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமலாக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-ல். மூன்று வருடம் முந்திக்கொண்டது ஷுகர் ஹில்.

1952 அக்டோபர் 26-ல் புற்றுநோயால் ஹாட்டி இறந்தார். வெள்ளைச் சவப்பெட்டி, கூந்தலிலும் கைகளிலும் வெள்ளை கார்டீனியா என்று தன் இறுதி அலங்காரத்தை எழுதிவைத்திருந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பதும் அவர் ஆசை. தோட்டத்து நிர்வாகம் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று மறுத்துவிட்டது. 1999-ல் புது உரிமையாளர் வந்து, இப்போது இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார். 47 வருடம் கழித்துத் தோண்டி எடுப்பதா? குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். நினைவுக்கல் மட்டும் வைத்தார்கள்.

இனி விருதின் கதை. அது தங்கச் சிலையே அல்ல. அந்தக் காலத்தில் துணை நடிகர்களுக்குச் சிலை கிடையாது, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பட்டயம்தான், சுமார் ஐந்தரைக்கு ஆறு அங்குலம். தன் பட்டயம் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்று உயிலில் சொல்லியிருந்தார். சொத்தைவிட வரிப் பாக்கி பெரிதாக இருந்தது. இருந்தும் பட்டயம் எப்படியோ ஹோவர்டுக்குப் போய்ச் சேர்ந்து, நாடகத் துறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பிறகு காணவில்லை. அறுபதுகளின் கிளர்ச்சியில் கோபக்கார மாணவர்கள் பொட்டோமாக் ஆற்றில் வீசிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவியது. அதற்கு ஆதாரமென்று யாரும் எதையும் காட்டியதில்லை. தேடி ஆராய்ந்த ஒரு சட்டப் பேராசிரியர், எழுபதுகளின் தொடக்கத்தில் துறைக்குள்ளேயே இடம் மாறித் தொலைந்திருக்கலாம் என்கிறார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நிறுவனங்களின் அலமாரிகளில் பொருள் தொலைய ஆறு எதற்கு?

2010-ல் துணை நடிகை விருது வாங்கிய மோனிக், நீல உடையும் கூந்தலில் கார்டீனியாவுமாக வந்து ஹாட்டிக்கு மேடையிலேயே நன்றி சொன்னார். 2023 அக்டோபரில் அகாடமி ஒரு மாற்றுப் பட்டயம் செய்து ஹோவர்டுக்குக் கொடுத்தது. அசல் இன்னும் கிடைக்கவில்லை.

(தொடரும்)

அடுத்த இதழில்: வென்ற விருதை வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணை மேடைக்கு அனுப்பிய மார்லன் பிராண்டோ – 1973.