குட்டியின் தந்தை யார்?
வம்சாவளிப் பதிவேடு முதல் டி.என்.ஏ. சோதனை வரை

ஒரு நாய்க்குட்டியின் தாய் எது என்று கேட்டால் விடை கூறுவது எளிது. ஈன்றதைக் கண்டவர் இருப்பார். தாயிடம் பால் குடிப்பதை எவரும் காணலாம். ஆனால், தந்தை எது என்று கேட்டால்? நாயை வளர்ப்பவர் சொல்லும் சொல் ஒன்றே அதற்கு நெடுங்காலம் விடையாக இருந்தது. அந்தச் சொல்லை நம்பியே நூறாண்டுகளுக்கும் மேலாக நாய்களின் வம்சாவளிப் பதிவேடுகள் எழுதப்பட்டு வந்தன. அச்சொல்லைச் சோதித்துப் பார்க்கும் வழியை அறிவியல் எவ்வாறு கண்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

'நாயின் தந்தை எதுவாயிருந்தால் நமக்கென்ன?' என்று நீங்கள் எண்ணலாம். சற்றுப் பொறுங்கள். இந்தக் கேள்விக்குள் மரபியலின் வரலாறு இருக்கிறது. குருடாகும் குட்டிகளின் கதையும், உலகையே ஏமாற்றிய ஓர் ஆய்வுக்கூடத்தின் கதையும் இருக்கின்றன.

பதிவேடு பிறந்தது

1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன்பின் இத்தகைய கண்காட்சிகள் பெருகின. பரிசு பெற்ற நாயின் குட்டிக்கு நல்ல விலை கிடைத்தது. எந்தக் குட்டி எந்த நாயின் வழி வந்தது என்று எழுதி வைக்க வேண்டிய தேவை ஏற்பட்டது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அடுத்த ஆண்டே அதன் முதல் வம்சாவளிப் பதிவேடு வெளிவந்தது. 1884இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அமைந்தது.

இப்பதிவேடுகள் வணிகத்துக்கு மட்டும் பயன்பட்டன என்று எண்ணிவிட வேண்டாம். மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வை உலகம் இன்னும் அறியாதிருந்த 1897ஆம் ஆண்டில், பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் பரம்பரை பற்றி ஒரு விதியை வெளியிட்டார். ஓர் உயிரின் மொத்தப் பண்பில் பெற்றோர் இருவரும் சேர்ந்து பாதியையும், பாட்டன் பாட்டியர் நால்வரும் சேர்ந்து கால் பங்கையும், அதற்கு முந்தியோர் அரைக்கால் பங்கையும் தருகின்றனர் என்பது அவ்விதி. இதற்கு அவர் காட்டிய சான்று என்ன? சர் எவரெட் மில்லே என்பவர் வளர்த்த பேசட் வேட்டை நாய்களின் பதிவேடுதான்! நிறம் குறிக்கப்பட்ட 817 நாய்களை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். கால்ட்டனின் விதி பின்னர் மெண்டலின் விதிகளுக்கு இடம்விட்டு விலகியது. ஆனால் ஒன்றை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பதிவேட்டில் தந்தை என்று எழுதப்பட்ட நாய் உண்மையில் தந்தையாக இல்லாவிட்டால், அதன்மேல் எழுப்பிய கணக்கு எத்துணை நுட்பமானதாயினும் பயனற்றதே.

இயற்கை வைத்த சிக்கல்

நாய் வளர்ப்போர் வேண்டுமென்றே பொய் எழுதினால் அது வேறு. நேர்மையானவரும் ஏமாறும்படி இயற்கையே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. பருவம் வந்த பெட்டை நாய் பல நாட்கள் ஆண் நாயை ஏற்கும். அதன் கருமுட்டைகள் முற்றாத நிலையிலேயே வெளிப்படுகின்றன. அவை முதிர்ந்து கருவுறத் தகுதி பெற மேலும் இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ஆண் நாயின் விந்தணுக்களோ பெட்டையின் உடலில் பல நாட்கள் உயிருடன் இருக்க வல்லவை. திங்களன்று ஒரு நாயோடும் புதனன்று வேலி தாண்டி வந்த இன்னொரு நாயோடும் இணைந்தால் என்ன ஆகும்? இரண்டின் விந்தணுக்களும் ஒரே வேளையில் முட்டைகளுக்காகக் காத்திருக்கும். ஆகவே, ஒரே ஈற்றில் பிறந்த ஆறு குட்டிகளில் நான்கிற்கு ஒரு தந்தையும் இரண்டிற்கு வேறொரு தந்தையும் இருக்கலாம்.

இந்த உண்மை விளங்காத காலத்தில் விந்தையான நம்பிக்கை ஒன்று நிலவியது. உயர்ந்த இனப் பெட்டை ஒருமுறை தெருநாயோடு இணைந்துவிட்டால், அதன்பின் எந்த நாய்க்கு ஈன்றாலும் குட்டிகளில் அந்த முதல் நாயின் சாயல் இருக்கும் என்று நம்பினார்கள். 1820இல் மார்ட்டன் பிரபு இலண்டன் ராயல் கழகத்துக்கு எழுதிய செய்தி இந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. வரிக்குதிரை இனத்தைச் சேர்ந்த குவாகாவுக்கு ஒரு குட்டி ஈன்ற அவருடைய பெண் குதிரை, பின்னர் அரபுக் குதிரைக்கு ஈன்ற குட்டிகளிலும் வரிகள் காணப்பட்டனவாம். ஸ்காட்லாந்துப் பேராசிரியர் கோசார் யூவர்ட் வரிக்குதிரைகளையும் குதிரைகளையும் கொண்டு இதைச் சோதித்து, அது வெறும் நம்பிக்கையே என்று 1899இல் வெளியிட்ட நூலில் காட்டினார். 'முதல் நாயின் சாயல்' என்று சொல்லப்பட்டவற்றுள் சில, யாரும் காணாமல் நேர்ந்த இணைசேர்க்கையின் விளைவாகவே இருந்திருக்கக் கூடும்.

குருதி தந்த முதல் சான்று

1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனிதக் குருதி வகைகளை வெளியிட்டார். குருதி வகை பெற்றோரிடமிருந்து வருவது. தாய்க்கும் இல்லை, தந்தை என்று சொல்லப்படுபவருக்கும் இல்லை, ஆனால் குழந்தையின் குருதியில் ஒரு பண்பு இருக்கிறது என்றால், அவர் தந்தையல்லர் என்று துணிந்து கூறலாம். இந்த ஏரணத்தைக் கவனியுங்கள். இச்சோதனை 'இவர் தந்தையல்லர்' என்று உறுதியாகச் சொல்லும். 'இவரே தந்தை' என்று அதே உறுதியுடன் சொல்லாது. ஏனெனில் அதே குருதி வகை உள்ளவர் ஊரில் பலர் இருப்பர்.

மாடுகளிலும் குதிரைகளிலும் குருதி வகைகள் மிகப் பல. எனவே 1940களுக்குப் பின் அவற்றின் பெற்றோரைச் சரிபார்க்க இம்முறை நன்கு உதவியது. நாய்களில் அறியப்பட்ட குருதி வகைகள் குறைவு. ஆகவே நாய் உலகம் மேலும் காத்திருக்க நேர்ந்தது.

லெஸ்டர் நகரில் ஒரு திங்கட்கிழமை

1984 செப்டம்பர் 10ஆம் நாள். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்னும் அறிவியலார் ஓர் எக்ஸ்-ரே படச்சுருளைக் கழுவி எடுத்துப் பார்த்தார். அதில் கடைகளில் பொருள்மீது காணும் கோட்டுக் குறியீடு போலக் கரிய பட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொருவருக்கும் வரிசை வேறாக இருந்தது. குழந்தையின் பட்டைகளில் ஏறக்குறைய பாதி தாயிடமும், எஞ்சியவை தந்தையிடமும் காணப்பட்டன. 'டி.என்.ஏ. கைரேகை' பிறந்தது இவ்வாறுதான். மறு ஆண்டிலேயே, கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு சிறுவன் தன் தாயின் மகனே என்று நிறுவ அது உதவியது.

மனித டி.என்.ஏ.வுக்காக உருவாக்கிய அதே கருவி மற்ற விலங்குகளுக்கும் பொருந்துமா? பொருந்தியது! ஜெஃப்ரிஸும் மார்ட்டன் என்பவரும் நாய்கள், பூனைகள் ஆகியவற்றின் டி.என்.ஏ. கைரேகைகளைப் பற்றி 1987இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். வம்சாவளியைச் சரிபார்க்க முடியும் என்பது அன்று தெளிவாயிற்று.

எண்கள் பேசுகின்றன

முதல் முறைக்கு மிகுதியான டி.என்.ஏ. தேவைப்பட்டது. 1983இல் கேரி மல்லிஸ் கண்ட பி.சி.ஆர். என்னும் பெருக்கும் முறை இக்குறையை நீக்கியது. ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இருமடங்காகும். முப்பது சுற்றுகளில் ஒன்று 107 கோடிக்கு மேல் பெருகிவிடும்! குருதி எடுக்க ஊசியும் வேண்டியதில்லை. நாயின் கன்னத்தின் உட்புறத்தைச் சிறு தூரிகையால் தேய்த்து எடுத்தால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பால் குடித்த உடனே குட்டியின் வாயில் தேய்த்தால் தாயின் உயிரணுக்களும் கலந்துவிடும்.

டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரே சொல்லைப் பலமுறை எழுதியது போல. எத்தனை முறை என்பது நாய்க்கு நாய் மாறும். தாயிடமிருந்து ஓர் எண், தந்தையிடமிருந்து ஓர் எண் என ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். இவற்றை அளப்பது எங்ஙனம்? டி.என்.ஏ. எதிர் மின்னூட்டம் உடையது. கூழ் போன்ற ஊடகத்தில் வைத்து மின்புலம் செலுத்தினால் நேர் மின்வாயை நோக்கி நகரும். குட்டையான துண்டு விரைந்து செல்லும், நீளமானது பின்தங்கும். இயற்பியல் மாணவருக்கு இது புதிதன்று.

ஓர் எடுத்துக்காட்டு. ஓரிடத்தில் தாயின் எண்கள் 14, 18. குட்டியின் எண்கள் 14, 21 என்று வைத்துக்கொள்வோம். 14 தாயிடமிருந்து வந்தது. எனவே 21 தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய நாய்கள் இரண்டு. முதல் நாயின் எண்கள் 16, 18. இரண்டாவதன் எண்கள் 17, 21. முதல் நாய் விலக்கப்படுகிறது. இரண்டாவது விலக்கப்படவில்லை.

ஓரிடம் போதுமா? போதாது. ஓரிடத்துச் சோதனையில் தவறான நாய் தப்பிவிடும் வாய்ப்பு இரண்டில் ஒன்று என்று கொண்டால், பத்து இடங்களிலும் தப்பும் வாய்ப்பு 1024இல் ஒன்று. இருபது இடங்களில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று. குருதி வகையால் இயலாததை இந்தப் பெருக்கல் கணக்கு சாதித்தது. ஆனாலும் எச்சரிக்கை தேவை. சந்தேகத்துக்குரிய இரு நாய்களும் உடன்பிறந்தவையானால் பல எண்கள் ஒன்றாகவே இருக்கும். அப்போது இன்னும் பல இடங்களை நோக்க வேண்டும். அரிதாக, பெற்றோரிடமிருந்து குட்டிக்கு வரும்போதே ஓர் எண் மாறிவிடுவதும் உண்டு. எனவே ஒரேயோர் இடத்து முரண்பாட்டைக் கொண்டு தீர்ப்புக் கூறமாட்டார்கள்.

பதிவேட்டில் புதிய விதி

1990களில் நாய்களுக்குரிய இத்தகைய இடங்கள் பல கண்டறியப்பட்டன. அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியது. வாழ்நாளில் ஏழு ஈற்றுகளுக்கோ, ஓராண்டில் மூன்றுக்கு மேற்பட்ட ஈற்றுகளுக்கோ தந்தையாகும் நாய்க்கு டி.என்.ஏ. பதிவு கட்டாயம் என்னும் விதி 2000 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஏன் இத்தகைய நாய்களுக்கு மட்டும் முதலில்? ஒரு பெட்டை தன் வாழ்நாளில் சில ஈற்றுகளே ஈனும். புகழ்பெற்ற ஆண் நாயோ நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாகலாம். அங்கே ஒரு பிழை நேர்ந்தால் அது நூறு பக்கங்களில் பரவிவிடும். இரு தந்தையர்க்குப் பிறந்த ஈற்றையும் சோதித்து, குட்டி குட்டியாகப் பிரித்துப் பதிய இப்போது வழி உண்டு. நேர்மையாக 'எனக்குத் தெரியவில்லை' என்று சொன்னவருக்கும் இதனால் விடை கிடைத்தது.

ஸ்னப்பியின் சோதனை

2005 ஏப்ரல் 24இல் தென் கொரியாவில் ஸ்னப்பி என்னும் ஆப்கன் வேட்டை நாய்க்குட்டி பிறந்தது. தை என்னும் நாயின் காதுத் தோல் உயிரணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட, உலகின் முதல் படியாக்க நாய் இது என்று சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹுவாங் வூ-சுக் குழு அறிவித்தது. 1,095 கருக்கள் 123 பெட்டைகளுக்குள் வைக்கப்பட்டன. உயிர் பிழைத்து வளர்ந்தது இந்த ஒன்றே. சில மாதங்களில் ஹுவாங்கின் மனித உயிரணு ஆய்வுகள் பொய் என்று அம்பலமாயின. ஸ்னப்பியும் பொய்தானோ?

தந்தையைச் சரிபார்க்கும் அதே சோதனை கைகொடுத்தது. ஸ்னப்பியின் உட்கரு டி.என்.ஏ. எண்கள் தையின் எண்களோடு ஒவ்வோர் இடத்திலும் பொருந்தின. இரண்டும் ஒரே கருவின் இரட்டையராக இருக்கலாமே? உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ. கருமுட்டை வழியே மட்டும் வருவது. ஸ்னப்பியின் அந்த டி.என்.ஏ. தையை ஒத்திருக்கவில்லை, கருமுட்டை தந்த பெட்டையை ஒத்திருந்தது. ஆகவே ஸ்னப்பி உண்மையான படியாக்க நாயே! 2006இல் இம்முடிவுகள் வெளியாயின. பொய்யரைப் பொய்யர் என்று காட்டிய அறிவியல், அவர் சொன்னவற்றுள் மெய்யான ஒன்றை மெய் என்றும் காட்டியது.

கண் பார்வையும் பதிவேடும்

இதனால் நாய்களுக்கு என்ன நன்மை? ஐரிஷ் செட்டர் இன நாய்களில் விழித்திரை படிப்படியாக அழிந்து குருடாகும் நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மரபணுப் பிழை 1993இல் கண்டறியப்பட்டது. இது ஒடுங்கு பண்பு. பெற்றோர் இரண்டும் நலமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் அப்பிழையைச் சுமந்தால் குட்டிகளில் சராசரி நான்கில் ஒன்று குருடாகும். பெற்றோர் இரண்டுமே பிழையற்றவை என்று தெரிந்தால் குட்டியைச் சோதிக்க வேண்டியதில்லை என்று கருதுவது வழக்கம். பதிவேட்டில் தந்தை தவறாக இருந்தால் இந்த நம்பிக்கை எங்கே போய் நிற்கும்?

அளவீட்டுப் பிழைகள் எவ்வாறு பெருகும் என்பதை ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கிறோம். இங்கும் அதே கணக்குதான். நூற்றுக்கு ஐந்து பதிவுகளில் தந்தை தவறு என்று வைத்துக்கொள்வோம். சிறிய பிழைதானே என்று தோன்றும். ஆனால் தந்தை வழியே பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால், அத்தனை பெயர்களும் மெய்யாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதுதான்!

டி.என்.ஏ. சோதனையின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். குட்டியின் தந்தை இந்த நாய்தானா என்று அது சொல்லும். நாய் நல்ல நாயா, வீட்டுக்கு ஏற்றதா என்று சொல்லாது. மாதிரி எடுத்து வைக்கப்படாமல் மறைந்துபோன மூதாதை நாய்களின் பெயர்களை நேரடியாகச் சரிபார்க்கவும் அதனால் இயலாது. பழைய பக்கங்கள் இன்றும் எழுதியவரின் சொல்லையே நம்பி நிற்கின்றன. இனி எழுதும் பக்கங்களுக்கேனும் அந்த நிலை வேண்டியதில்லை. ஒரு சிறு தூரிகையும் இருபது இரட்டை எண்களும் போதும்.