மரம் மாதிரி ஒரு கட்டடமும் ஒரு மின்சார மீட்டரும்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்று ஒரு சின்ன ஊர். 1833-ல் தொடங்கிய ஓபர்லின் கல்லூரிதான் அந்த ஊருக்கு அடையாளம். பசுமைக் கட்டடங்களின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

1990-களில் அங்கே சுற்றுச்சூழல் கல்வித் துறையில் இருந்தவர் டேவிட் ஓர். வகுப்பறையும் ஒரு பாடம்தான் என்பது அவர் கட்சி. சுற்றுச்சூழலைப் பற்றிப் பாடம் நடக்கும் அறையே மின்சாரத்தை வாரி இறைத்தால் மாணவன் எதைக் கற்றுக்கொள்வான்? நியாயமான கேள்விதானே! மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் உட்கார வைத்துப் பேசித் திட்டம் தயாரானது. வரைந்து கொடுத்தவர் கட்டடக் கலைஞர் வில்லியம் மெக்டோனா. கட்டடம் ஒரு மரம் மாதிரி இருக்க வேண்டும், தனக்குத் தேவையான சக்தியை வெயிலிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்ணீரைத் தானே சுத்தம் செய்ய வேண்டும் என்பது கனவு.

2000-ம் ஆண்டு ஆடம் ஜோசப் லூயிஸ் மையம் திறக்கப்பட்டது. கூரை முழுக்க சோலார் பலகைகள், சுமார் 60 கிலோவாட். குளிருக்கும் வெயிலுக்கும் பூமிக்கடியில் குழாய் இறக்கிய வெப்பப் பம்புகள். கழிவுநீர் ஒரு கண்ணாடி அறைக்குள் தொட்டி தொட்டியாகச் செடிகளின் வேர் வழியே போய்ச் சுத்தமாகி மறுபடி கழிவறைக்கே வரும். தரை விரிப்புகள்கூட வாடகைக்கு எடுத்தவை. தேய்ந்துபோனால் தயாரித்த நிறுவனமே திருப்பி எடுத்துக்கொள்ளும்.

பாராட்டுகள் குவிந்தன. அப்போதுதான் அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்ட் மீட்டர் கணக்கைப் பார்த்தார். சொன்னதைவிட அதிகமாக மின்சாரம் செலவாகிறது, கூரையில் கிடைப்பது போதவில்லை என்று 2002-ல் கட்டுரையே எழுதிவிட்டார். அவர் சொன்னதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் கட்டடத்தில் எல்லாமே மின்சாரம். ஒரு பங்கு மின்சாரம் வந்து சேர நிலக்கரி மின்நிலையத்தில் கிட்டத்தட்ட மூன்று பங்கு எரிபொருள் எரிகிறது. மீட்டரை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

வில்லன்களில் முக்கியமானது ஒரு மின்சார கொதிகலன். பூமிக்கடியில் அத்தனை குழாய் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே மின்சாரத்தைக் குடிக்கும் கொதிகலனை வைத்தது வேடிக்கைதான். தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தினர் வந்து அளந்தார்கள். பிறகு கட்டுப்பாட்டு முறைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. 2006-ல் வாகனம் நிறுத்துமிடத்தின் மேல் இன்னொரு 100 கிலோவாட் சோலார் கூரை போட்டார்கள். அதன் பிறகுதான் கணக்கு நேரானது. (கார் நிற்கும் இடத்தின் கூரையைக் கட்டடத்தின் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால், கேட்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.)

ஸ்கோஃபீல்ட் கல்லூரியின் பெயரைக் கெடுத்தார் என்று நினைத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் அளக்காமல் இருந்திருந்தால் அந்தக் கொதிகலன் இன்னும் பல வருஷம் நிம்மதியாக ஓடியிருக்கும்.

அளக்கும் பழக்கம் அந்தக் கட்டடத்தோடு நிற்கவில்லை. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை அந்தந்த நேரமே திரையில் காட்டும் முறை விடுதிகளுக்கும் போனது. 2005-ல் விடுதிகளுக்குள் இரண்டு வாரப் போட்டி வைத்தார்கள். மின்சாரச் செலவு சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை, விளக்கை அணைத்தார்கள், அவ்வளவுதான்!